மட்டம் தப்பிய வாய்க்கால்

— பொய் சொல்லாதீங்க மெர்வின். தண்ணி டியூப் வச்சு மட்டம் பாத்தீங்களா, இல்ல கண்ணாலயே அளந்து வெட்டிட்டீங்களா?

— கண்ணால பாத்தா என்ன, நெரிடா? எனக்கு மட்டமாத்தான் தெரிஞ்சுது.

— மலைச்சரிவுல நின்னுக்கிட்டு எவனாவது கண்ண நம்புவானா? வகுப்புல தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே. சரிவுக்குக் குறுக்கால வெட்டுற வாய்க்கா இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மட்டத்துல இருக்கணும். அப்பதான் மழைத் தண்ணி ஓடாம நிக்கும். நின்னு மண்ணுக்குள்ள எறங்கும். கொஞ்சம் சாஞ்சாலும் தண்ணி ஓடிப்போயிடும். அதுக்குப் பேரு சாக்கடை. சொன்னேனா இல்லியா?

— சொல்லியிருப்பீங்க. நமக்கென்ன தெரியும், நான் பின்வரிசை ஆளு.

— பின்வரிசையில உக்காந்து தூங்கின ஆளு. குறட்டை வேற. ஹோபார்ட் டவுன்லேருந்து வந்த பொண்ணுங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

— அது குறட்டை இல்லீங்க டீச்சரம்மா. ஆழ்ந்த யோசனை.

— யோசனையோட லட்சணம்தான் தெரியுதே. முந்தாநாள் கொட்டின மழையில ஒரு சொட்டு உங்க மண்ணுல தங்கல. மொத்தமும் வாய்க்காலோட வந்து, வேலிக்கு அடியில பூந்து, நேரா என் குளத்துல போய் விழுந்திருக்கு.

— அடடா. உங்க கோழிக் கொட்டாய்க்கு ஏதாச்சும் சேதமா?

— சேதமெல்லாம் இல்ல. நான் சண்டைக்கும் வரல. கதவத் தொறந்ததும் எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டீங்க?

— விடிஞ்சும் விடியாம ஒரு பொம்பள மண்வெட்டியோட வாசல்ல நின்னா வேற எப்படி வச்சுக்கறதாம்? வாங்க, டீ போடறேன். நேத்து சுட்ட பூசணி ரொட்டி இருக்கு. கொஞ்சம் கல்லு மாதிரி ஆயிடுச்சு, டீயில முக்கிக்கலாம்.

— டீ அப்புறம். பன்னெண்டு மணிக்குள்ள இத முடிக்கணும். அதுக்கப்புறம் அலிஸ்டர் வர்றார்.

— எந்த அலிஸ்டர்? வீட்டுத் தரகரா?

— ஆமா. தோட்டத்த விக்கற பத்திரத்தோட வர்றார். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

— இன்னிக்கேவா? ஆப்பிள் பறிச்சு முடிச்ச பிறகுன்னுதானே சொன்னீங்க?

— பறிக்கறதுக்கு மரத்துல என்ன இருக்கு மெர்வின்? பாதி மரம் பட்டுப் போயிடுச்சு. மிச்சம் பாதி என்னப் பாத்து பாவமா நிக்குது. ரெண்டு கோடையா குளம் வெடிச்சுக் கெடந்துச்சு. டேங்கர் தண்ணி வாங்கி வாங்கி எனக்கே வெக்கமாப் போச்சு. தண்ணிய எப்படிக் காப்பாத்தறதுன்னு ஊருக்குப் பாடம் எடுக்கறவ வீட்டுல டேங்கர் வந்து நிக்குது. எப்படி இருக்கும்?

— இப்பதான் குளத்துல தண்ணி இருக்கே.

— இருக்கு. பாதிக்கு மேல இருக்கு. காலையில வாத்து ரெண்டும் அதுல எறங்கி நீந்துச்சு. நான் கரையில நின்னு அழுதேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, அழுதேன். ஆனா அது தப்புல வந்த தண்ணி. உங்க கண்ணு ஒரு தடவ ஏமாந்ததுல வந்தது. அத நம்பி அடுத்த கோடையத் தாண்ட முடியுமா?

— தப்புல வந்தா என்ன, தண்ணி தண்ணிதானே.

— வாங்கறவங்க சிட்னிக்காரங்க. நாளைக்கு பெருமழை பேஞ்சு உங்க தண்ணி அவங்க வாசலுக்கு வந்தா வக்கீல் நோட்டீஸ்தான் வரும். உங்கள அப்படி மாட்டி விட்டுட்டு நான் போக மாட்டேன். அதான், இருக்கறப்பவே இதச் சரி பண்ணிக் குடுத்துடலாம்னு வந்தேன். கெளம்புங்க. டியூப் எங்க?

— கொட்டாயில தொங்குது. டீ குடிச்சுட்டே போகலாமே.

— மெர்வின்.

— சரி சரி. பூட்ஸப் போட்டுக்கறேன்.

— அட, வாசப்படியோரம் பார்ஸ்லி வச்சுட்டீங்களா? வெங்காயத்தாள் வேற.

— அடுப்புல கொழம்பு கொதிக்கறப்ப செருப்பு போடாம கைய நீட்டிப் பறிக்கற தூரத்துல எது வேணுமோ அத வாசல்ல வைக்கணும். வாரத்துக்கு ஒருதரம் போய்ப் பாக்கறது கொஞ்சம் தள்ளி. மரமெல்லாம் அதுக்கும் அந்தாண்ட.

— தூங்கின ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?

— பக்கத்துல உக்காந்தவர் சத்தமாப் படிச்சாரு.

— கோழிக் கூண்ட எதுக்கு ப்ளம் மரத்தடிக்கு நகத்தினீங்க?

— விழுந்த பழத்துல புழு வருது. புழுவ அது தின்னுது, எரு போடுது, முட்டையும் குடுக்குது. ஒரே கோழிக்கு மூணு வேலை. சம்பளம் மட்டும் ஒண்ணு.

— அடேயப்பா. நல்லாத்தான் வச்சிருக்கீங்க. இந்த முள்ளங்கிய யாரு கடிச்சது?

— வாலபி, அந்தச் சின்னக் கங்காரு. ராத்திரியில குட்டியோட வருது. வேலியத் தாண்டறதுக்கு அதுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்ல.

— சிரிக்காதீங்க. வலையப் போடுங்க. நான் இருக்க மாட்டேன், தெனமும் வந்து சொல்ல.

— தெரியுது.

— என்ன, சட்டுனு கொரல் எறங்கிடுச்சு?

— ஒண்ணுமில்ல. போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம். க்ளெனிஸ அடக்கம் பண்ணிட்டு வந்து ஜன்னல் திரையக்கூட விலக்காம உக்காந்திருந்தேனே. தெனமும் காலையில வாசல்ல ஏதாச்சும் இருக்கும். ஒரு நாள் முட்டை. ஒரு நாள் ஆட்டுக்கறி ஸ்டூ. ஒரு நாள் மண்ணோட பிடுங்கின லீக்ஸ் கட்டு. யாருன்னு தெரிஞ்சுக்க ஒரு நாள் சீக்கிரமா எழுந்து பாத்தேன்.

— அது நான் இல்ல. வேற யாராச்சும் இருக்கும்.

— பனியில பூட்ஸ் தடம் உங்க வேலி வரைக்கும் போச்சு. நன்றின்னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு வாய் வரல. மனைவி செத்தவன்கிட்ட எல்லாரும் வந்து பேசிட்டே இருந்தாங்க. நீங்க ஒருத்திதான் பேசாம சாப்பாடு வச்சீங்க. அப்புறம் ஒரு நாள் விதைப் பொட்டலத்த கையில திணிச்சு, சனிக்கிழம வகுப்பு, வந்து சேருங்கன்னு அதட்டிட்டுப் போனீங்க. அந்த அதட்டல்லதான் நான் எழுந்தேன்.

— பழசெல்லாம் எதுக்கு இப்ப?

— போறீங்களே, அதான் சொல்லிடறேன்.

— ம். நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். என் சிம்னி அடைச்சப்ப கூரை மேல ஏறினது யாரு? வாத்த நரி மாதிரி தின்னுட்டிருந்த அந்த நாயப் பிடிச்சு சொந்தக்காரன்கிட்ட விட்டது யாரு? நல்ல அக்கம்பக்கம் கெடைக்கறது அதிர்ஷ்டம் மெர்வின். எனக்குக் கெடச்சுது. போதும், கண்ணு கலங்கினா அளவு தெரியாது. டியூப் கட்டின இந்தக் கம்ப நீங்க பிடிங்க, அந்தக் கம்ப நான் பிடிக்கறேன்.

— தண்ணி ஊத்தட்டுமா?

— டியூப்புக்குள்ள காத்துக் குமிழி நிக்காம ஊத்துங்க. ரெண்டு கம்புலயும் தண்ணி போட்ட கோட்டுலயே நின்னா ரெண்டு பேரும் ஒரே மட்டத்துல நிக்கறோம். ஒரு பக்கம் மேல வந்தா அந்தப் பக்கம் தாழ்வு. வாய்க்காலுக்குள்ள எறங்குங்க. நீங்க இந்த மேல்கோடியிலயே நில்லுங்க. நான் பத்தடி தள்ளிப் போறேன்.

— நின்னாச்சு.

— உங்ககிட்ட எங்க நிக்குது?

— கோட்டுக்கு ஒரு அரை விரல் கீழ.

— எனக்கு அரை விரல் மேல. அப்ப இந்தப் பக்கம் ஒரு விரல் தாழ்வு. சரி, இங்க ஒரு முளை அடிச்சுடறேன். இப்ப நீங்க இந்த முளைக்கு வாங்க, நான் இன்னும் பத்தடி போறேன்.

— நெரிடா, மழை வர்ற மாதிரி இருக்கு. நாளைக்குப் பாக்கலாமா?

— நாளைக்கு நான் பெட்டி கட்டிட்டிருப்பேன். எங்க நிக்குது?

— அதே மாதிரிதான்.

— எனக்கும் அதே. ஒரு விரல். அடுத்ததுக்கு வாங்க.

— காலு வலிக்குதுங்க.

— வாங்கன்னா வாங்க. ம், இதுவும் ஒரு விரல். கம்ப நேராத்தான் பிடிச்சிருக்கீங்களா?

— நேராத்தான் பிடிச்சிருக்கேன். நமக்கென்ன தெரியும், நீங்கதான் பாத்துச் சொல்லணும்.

— இன்னும் ஒண்ணு பாப்போம். இங்கயும் ஒரு விரல்.

— டீ போடட்டுமா?

— இருங்க. என் வகுப்புல எத்தனையோ பேரு மட்டம் தப்பி வெட்டியிருக்காங்க. கண்ணு ஏமாந்தா ஒரு எடத்துல மேடு இருக்கும், ஒரு எடத்துல பள்ளம் இருக்கும். நடுவுல தண்ணி குட்டையா நிக்கும். இப்படி ரூல் போட்ட மாதிரி, ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரே ஒரு விரல் எறங்காது.

— அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்குல்ல.

— வேலிக்குப் போவோம், வாங்க.

— அங்க என்ன இருக்கு? வெறும் புல்லு.

— புல்ல விலக்கினாதானே தெரியும். மெர்வின்.

— சொல்லுங்க.

— இங்க கல்லு பதிச்சிருக்கு.

— பழைய கல்லா இருக்கும்.

— பழைய கல்லுல பாசி இருக்கும். இது ஆத்துக் கல்லு. பெருசு கீழயும் சின்னது மேலயுமா, தண்ணி மண்ண அரிக்காம எறங்கற மாதிரி அடுக்கியிருக்கு. தப்பா ஓடிப் போற தண்ணிக்கு யாராச்சும் கல்லு அடுக்கி வழி விடுவாங்களா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல?

— மட்டம் பாத்துத்தான் வெட்டினீங்க.

— பாத்துத்தான் வெட்டினேன். ஒத்த ஆளா, ஒரு முனைய முளையில கட்டிக்கிட்டு. மேலேருந்து கீழ வரைக்கும் வெட்டி முடிக்கறதுக்குள்ள இந்தக் கோடையே ஓடிப் போச்சு. ஒரு விரல் சாய்வு இருந்தா போதும், அதிகமானா மண்ணையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்னு சொன்னீங்களே, அப்ப நான் முழிச்சுட்டுதான் இருந்தேன். ஒரு வாய்க்கால எப்படி வெட்டவே கூடாதுன்னு வகுப்புல சொன்னீங்க இல்ல? அப்படியே வெட்டினேன்.

— பைத்தியமா உங்களுக்கு? இந்த மேட்டுல விழற தண்ணி மொத்தமும் உங்களுது. உங்க மரத்துக்கு என்ன செய்வீங்க?

— கூரைத் தண்ணி தொட்டியில இருக்கு. ஒண்டிக்கட்டைக்கு எவ்வளவு வேணும்? நாலு ப்ளம், ஒரு பாத்தி கீரை, மூணு வேலை பாக்கற கோழி. அதுங்களுக்கு அது தாராளம்.

— என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?

— கேட்டேனே. போன கோடையில ரப்பர் குழாய உங்க வேலி வரைக்கும் இழுத்து விட்டு, எடுத்துக்குங்கன்னு கேட்டேன். சாயங்காலம் அழகா சுருட்டி என் வாசல்ல வச்சுட்டுப் போயிட்டீங்க.

— உங்க தொட்டியே அடி தெரிஞ்சுட்டிருந்துச்சு. அத நான் எப்படி வாங்கறது?

— அதான் யோசிச்சேன். குழாயச் சுருட்டிக் குடுத்துடுவீங்க. மலைய எப்படிச் சுருட்டுவீங்க?

— சிரிக்க வைக்காதீங்க. நான் கோவமா இருக்கேன்.

— கோவப்படுங்க. நீங்க போயிட்டா என்னத் திட்டறதுக்கு இந்த மலையில யாரு இருக்கா? மனசுல இருக்கறதச் சொல்லிடறேன் நெரிடா. போகாதீங்க. அந்த மரங்கள நீங்க ஒவ்வொண்ணா வச்சீங்க. சிட்னிக்காரங்க அத வெட்டிட்டு புல்தரைதான் போடுவாங்க.

— முந்தாநாள் ஒரே ஒரு மழைதான் பேஞ்சுது.

— ஆமா.

— ஒரு மழைக்கே பாதிக் குளம்னா, குளிர்காலம் முழுக்க இந்தச் சரிவுத் தண்ணி எறங்கினா கோடைக்கு முன்ன குளம் கரையத் தொட்டுடும்.

— நமக்கென்ன தெரியும். டீச்சரம்மா நீங்கதான் கணக்குப் போடணும்.

— போட்டுட்டேன். என் பையிலேருந்து அந்த போன எடுங்க, என் கையெல்லாம் சேறு. நம்பரத் தட்டி காதுல வைங்க. நல்லா ஒட்டி வைங்க, கேக்கல. ஹலோ, அலிஸ்டரா? நெரிடா பேசறேன். கெளம்பிட்டீங்களா? அப்படியே திரும்பிடுங்க. இல்லீங்க, விலையெல்லாம் நல்ல விலைதான், அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நான் விக்கல. ஆமா, தண்ணி வந்துருச்சு. தெரியுங்க, ஒரு மழைய நம்பி யாரும் முடிவு எடுக்கக் கூடாதுதான். நான் மழைய நம்பி இருக்கல அலிஸ்டர். மேட்டு வீட்டுக்காரர நம்பி இருக்கேன்.