அபாங் கலுட்டுக்கு ஒரு படம்

இடுப்பு வலிக்கிறது, சார். நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்வாளி தூக்கிய காலத்து வலி. உட்கார்ந்தால்தான் தெரியும்.

நீங்கள் கேட்டது படத்தைப் பற்றி. அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே சூப்பர்வைசர். பாதுகாப்பு மாதத்துக்குச் சுவரில் ஒட்ட கார்ட்டூன் வேண்டும் என்றார் மேனேஜர். கவனமாக வேலை செய்கிறவன் ஒருவன், எதையாவது தட்டிவிட்டு விழுகிறவன் ஒருவன். விழுகிறவனுக்கு மலாயில் 'அபாங் கலுட்' என்று அவரே பெயர் வைத்தார். தடுமாறுகிற அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புந்தோங்கில் விளம்பரப் பலகை செய்கிற ஷர்மினி சில படங்களைக் காட்டினாள். பெரிய சப்பாத்துப் போட்ட ஒல்லி ஆள், வாளிக்குள் கால் மாட்டிக்கொண்டவன். நன்றாகத்தான் இருந்தன. நான் என் போனில் இருந்ததைக் கொடுத்தேன். தொழிற்சாலைத் தீபாவளி விருந்தில் சாம்பார் வாளியோடு வழுக்கி உட்கார்ந்த எங்கள் ஆள் சுகுமாரன். தொந்தி முழுக்கச் சாம்பார்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்லா, அண்ணே."

"தெரியட்டும்."

சண்டைக்கு வருவான் என்றாள். வரவில்லை. சுவரில் ஒட்டியதும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து மனைவி புனிதாவுக்கு அனுப்பினான். "தொந்தியைக் கொஞ்சம் கொறச்சுப் போட்டிருக்கலாம்லா, தர்மா அண்ணே" என்றான். மறுநாளிலிருந்து யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அந்தத் தொந்திதான் விஷயம். அவன் நிற்பது ரப்பர் பிசையும் இரட்டை உருளையில். முன்னால் வயிற்று உயரத்தில் ஒரு கம்பி இருக்கும். கை உள்ளே இழுபட்டால் வயிறு கம்பியில் அழுந்தும், உருளை நின்றுவிடும். சுகுமாரன் சும்மா நின்றாலே அழுந்தியது. உருளை நின்று நின்று ஓடியது. இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்கிறவன், மாற்றவும் மனம் வரவில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்துக் கம்பியை அசையாமல் கட்டினேன். தோட்டத்தில் எது ஆடினாலும் டியூபால்தான் கட்டுவோம்.

அவன் பார்த்துவிட்டான். "இத அவுத்துடுங்க அண்ணே. இல்லன்னா ஆபீஸ்ல சொல்ல வேண்டியிருக்கும்." மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகுதான் நான் ஷர்மினியிடம் போனேன்.

படம் ஒட்டிய பின் ஆபீசில் போய்ச் சொன்னான். முதலில் நீ தடுக்கி விழாமல் நட, கலுட், என்று மேனேஜர் சிரித்து அனுப்பிவிட்டார். கட்டு அப்படியே இருந்தது.

விபத்து நடந்த அன்று காலையில் அவன் கையுறை ரப்பரோடு ஒட்டிக்கொண்டு விரல்கள் உள்ளே போயின. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, நிப்பாட்டுங்க."

சிவப்புப் பொத்தான் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில். அதை அழுத்தினால் சங்கு ஊதும், எல்லாரும் ஓடி வருவார்கள், கட்டைப் பார்ப்பார்கள். அதனால் குனிந்து டியூபை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகம் உடைந்தது. அவிழ்ந்ததும் அவன் வயிறு கம்பியை அழுத்தி உருளை தானாக நின்றது. டியூபைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிறகு ஆளைக் கூப்பிட்டேன்.

கம்பி சரியாக வேலை செய்தது என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை. விசாரித்தபோது எல்லாரும் சுவரைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் புனிதாகூட, "வீட்லயும் இவரு இப்படித்தான்லா, அண்ணே" என்று என்னிடம் அழுதாள். ஆமாம் என்றேன்.

விரல்கள் அவன் தடுமாற்றத்தில் போனவை. அதை இப்போதும் அப்படித்தான் சொல்வேன். நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போனது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. சுகுமாரனுக்கு நான் கடன்பட்டிருப்பது அது மட்டும்தான்.