படத்தில் என் இடப்பக்கம்

நம் கல்லூரி விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தாளாளர் சக்கரபாணி அய்யா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! கண்டாச்சிபுரத்திலிருந்தும் கிளியனூரிலிருந்தும் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் செல்வங்களே! பண்பாட்டு ஆய்வுத் துறையின் வணக்கம். துறை என்றால் கிருஷ்ணவேணியாகிய நான்தான். மாணவி என்றால் இந்தப் புனிதாதான். அவ்வளவுதான் எங்கள் கூட்டம்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஒரே மாணவிக்கு ஒரு துறையா, இந்த ஆண்டோடு மூடிவிடலாம் என்கிறது நிர்வாகம். "இந்தப் படிப்பு இன்னாத்துக்குங்க?" என்று அதோ ஓர் அம்மா கேட்கிறார். சொல்கிறேன் அம்மா.

போன தையில் என் மகள் அஸ்வினிக்கு விழுப்புரத்தில் திருமணம். பந்தியைப் பார்த்தவள் நான். பாக்கு வெற்றிலை பார்த்தவள் நான். சம்பந்தியின் காபிக்குச் சர்க்கரை பார்த்தவளும் நான். மேடையில் மட்டும் நான் இல்லை. கணவரை இழந்தவள் அல்லவா? யாரும் சொல்லாமலே தூணோரம் ஒதுங்கிவிட்டேன்.

புனிதா வந்தாள். "மேடம், இங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கீங்க?" என்றாள். படத்தில் யார் இல்லை, ஏன் இல்லை என்று கேட்கச் சொல்லித் தந்தவளே நான்தானே!

மேடை ஏறினேன். போட்டோ எடுத்த கோபி, "யம்மா, கொஞ்சம் தள்ளிக்கினு நில்லுங்க" என்றார். என் நாத்தனார், "இன்னா அண்ணி, நல்ல காரியத்துல போய் இப்படிப் பண்றீங்க?" என்றார். நான் நகரவில்லை. அஸ்வினி என் கையை விடவில்லை. உறவுகள் ஒவ்வொன்றாக மேடையைவிட்டு இறங்கின. அந்தப் படத்தில் என் வலப்பக்கம் மணமக்கள். இடப்பக்கம் யாருமே இல்லை. பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. ஆனாலும் கூடத்தில் மாட்டித்தான் வைத்திருக்கிறேன்.

கணக்கு வேண்டாம் என்றேனா? கணினி வேண்டாம் என்றேனா? வழக்கம் வந்த வழி எது, அந்த வழக்கத்தால் வாடுகிறவர் யார் என்று எந்தக் கணினி கேட்கும்? ஊர் உள்ளவரை, உறவு உள்ளவரை, ஒருத்தியை ஒதுக்கி நிறுத்தும் ஒரு தூண் உள்ளவரை, இந்தப் படிப்புக்கு வேலை உண்டா இல்லையா?

கைதட்டாதீர்கள் தம்பிகளே! தட்டிய கைகள் எதுவும் இதுவரை சேர்க்கைக்கு வந்ததில்லை. வீட்டிலும் தனி, துறையிலும் தனி. பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

விழா முடிந்ததும் இங்கே குழுப்படம் எடுப்பார்கள். நான் நடுவில் நிற்பேன். வலப்பக்கம் புனிதா நிற்பாள். இடப்பக்கம் யாராவது வந்து நில்லுங்கள். இதுவரை கேட்டவர்களுக்கு நன்றி. வரப்போகிறவருக்கு என் வணக்கம்.