நாற்பத்தோராவது பட்டை

பரீட்சைத் தாள் திருத்துகிறவன் வெறுவயிற்றோடு உட்காரக்கூடாது. பசித்திருப்பவனுக்கு எல்லா விடையும் பிழையாகத்தான் தெரியும். ஆகையால் நான் காலையில் இரண்டு தோசையும் ஒரு கோப்பியும் முடித்துக்கொண்டுதான் சிவப்பு மைப் போத்தலைத் திறப்பேன். பதினொரு வருஷமாக இதுதான் வழக்கம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, நான் ஆத்திரக்காரன் அல்லன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

நீங்கள் தந்த தாளில் இதை என் கையாலேயே எழுதுகிறேன். ஒருவரும் வற்புறுத்தவில்லை. நீங்கள் என்னைத் தேடி வரவும் இல்லை. நான்தான் சைக்கிளில் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். மரண விசாரணை முடிந்து ஒன்பது நாளாகிறது. தீர்ப்பும் எழுதியாயிற்று: கோப்பாய் அருளம்பலத்தின் மகன் மார்க்கண்டு, வயது இருபத்தொன்று, கல்லூரி மாணவன், தன் கவனக்குறைவால் துலாவிலிருந்து கிணற்றுக்குள் விழுந்து இறந்தான். அந்தத் தீர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது. பிழையைக் கண்டால் திருத்தாமல் விட எனக்குத் தெரியாது.

என் பெயர் நாகலிங்கம். லண்டன் பட்டப் பரீட்சைக்குப் பெடியளைத் தயார்ப்படுத்தும் வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை, அதன்மேல் குற்றமில்லை.

லண்டன்காரர் பாடத்திட்டம் என்று அனுப்புவது அரைப் பக்கம். அரசின் இயல்பு, இறைமை, குடிகளின் கடமை, பிரித்தானிய அரசியலமைப்பு, குடியேற்ற நாடுகளின் ஆட்சி, அவ்வளவுதான். அந்த அரைப் பக்கத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமாக விரித்தவன் நான். என் நோட்ஸ் இல்லாமல் இந்தப் பகுதியில் ஒரு பெடியனும் அந்தப் பரீட்சைக்குப் போனதில்லை. முப்பத்தோராம் ஆண்டிலே யாழ்ப்பாணம் முழுவதும் தேர்தலைப் பகிஷ்கரித்துத் தெருவில் நின்று கத்தியபோதும், என் வகுப்பில் தேர்தல் முறைகள் பற்றிய பாடம் நூற்றிருபதாம் பக்கத்திலிருந்து ஒழுங்காக நடந்தது.

திருத்தும் முறையும் நானே வகுத்ததுதான். விடை நோட்ஸிலுள்ள ஒழுங்கில் வந்தால் முழுப் புள்ளி. ஒழுங்கு மாறினால் இரண்டு குறையும். சொந்த உதாரணம் புகுந்தால் ஐந்து குறையும். அதற்குமேல், விடை நோட்ஸை விட்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்கு வெட்டுவேன். தை மாதத்தில் தெரிவுப் பரீட்சை வைப்போம். நாற்பதுக்குமேல் எடுத்தவர்களின் பெயர் மாத்திரம் லண்டனுக்குப் போகும். மற்றவர்கள் இன்னொரு வருஷம் இருந்து படிக்கவேண்டும், அல்லது தோட்டத்துக்குத் திரும்பவேண்டும்.

விசாரித்தால் நீங்கள் எப்படியும் அறியப்போகிற ஒன்று: அந்த லண்டன் பரீட்சையை நானும் மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் இந்த ஒரு பாடத்தில்தான் தவறினேன். அதற்கும் இந்தச் சம்பவத்துக்கும் தொடர்பில்லை.

மார்க்கண்டு புகையிலைத் தோட்டக்காரர் பிள்ளை. விடியத் துலா மிதித்துவிட்டு, குதிக்காலில் காய்ந்த சேற்றோடு வகுப்புக்கு வருவான். போன வருஷம் தகப்பன் அருளம்பலம் என்னிடம் வந்து, "மாஸ்டர், உவனை ஒருக்கால் லண்டன் சோதினை எழுதவைச்சுப் போடுங்கோ. பிறகு நான் அரை வயிறோடை கிடந்தாலும் பறவாயில்லை" என்றார். ஓம் என்றேன். ஓம் என்றதை மறக்கவில்லை.

இந்தத் தை மாதம் நான் போட்ட கேள்வி: மக்கள் ஏன் அரசுக்குக் கீழ்ப்படிகிறார்கள்? எண்பத்தெட்டாம் பக்கம் முதல் தொண்ணூற்றுமூன்று வரை விடை இருக்கிறது. பழக்கத்தால் கீழ்ப்படிகிறார்கள் என்பது அதன் சுருக்கம். ஒன்பது பெடியள் அதை அப்படியே எழுதினார்கள். மார்க்கண்டு துலாவைப் பற்றி எழுதினான்.

நீங்கள் தெற்கிலும் வேலை பார்த்தவரென்று கேள்வி. ஆகையால் துலாவைப்பற்றி இரண்டு வரி. ஆடுகால் என்ற தாங்குமரத்தின்மேல், இரு பக்கமும் ஏறி இறங்கும்படி, நீண்ட மரமொன்று கிடக்கும். கிணற்றுப் பக்கத்து நுனியிலிருந்து தொங்கும் கொடியில் தண்ணீர் அள்ளும் பட்டை. மரத்தின்மேல் ஒருவன் நடப்பான். அவன் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தாழும். பின்பக்கம் நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே நிற்பவன் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, அது எத்தனையாவது பட்டை என்று உரக்கச் சொல்வான். அந்த எண்ணைக் கேட்டுத்தான் மேலே நிற்பவன் திரும்பி நடப்பான். பின்நுனியில் அவன் முதுகு கிணற்றுப் பக்கம் இருக்கும். பட்டை அவன் கண்ணுக்குத் தெரியாது.

மார்க்கண்டு எழுதியது இது: மேலே நிற்பவன் பெரியவன்போலத் தோன்றும். ஆனால் கட்டளை கீழேயிருந்து வருகிறது. எண்ணுக்காக அவன் திரும்புவதில்லை, தண்ணீர் விழுந்ததற்காகத் திரும்புகிறான். அரசும் அப்படித்தான். கடைசி வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "தண்ணீர் விழாமல் எண்ணைச் சொன்னால், சொல்பவன் ராசாவாக இருந்தாலும் மிதிப்பவன் திரும்பமாட்டான்."

இருபத்தெட்டுப் புள்ளி போட்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு வகுப்பு முடிந்ததும் மேசையடிக்கு வந்தான். மற்றப் பெடியளும் நின்றார்கள்.

"மாஸ்டர், கோவியாதேங்கோ. உதிலை எது பிழை எண்டு சொன்னால் நான் திருத்திப்போடுவன்."

"நோட்ஸிலை துலா இருக்கோ?"

"இல்லை."

"அப்ப அதுதான் பிழை."

"நோட்ஸ் எழுதேக்கை உங்களுக்குத் துலா ஞாபகம் வரேல்லையாக்கும்" என்றான். பெடியள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என்னைக் குத்தவேண்டுமென்று சொல்லவில்லை. அவனுக்கு அந்தக் குணம் கிடையாது.

பிறகு கல்லூரி அதிபர் கிறிஸ்துநாயகத்திடம் போய், வேறொருவரும் தாளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதிபர் எல்லாருக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிற மனிதர். என்னைக் கூப்பிட்டு, "நாகலிங்கம், உம்முடைய திருத்தம் சரியெண்டால் கொழும்பிலையும் அதுதானே வரும்? என்ன பயம்?" என்றார். பயமில்லை என்றேன். கொழும்பில் ஒரு விரிவுரையாளருக்குத் தாள் போயிற்று.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. பரீட்சைக் கடிதங்களெல்லாம் என் கைக்குத்தான் வரும். எழுபத்தொரு புள்ளி. கீழே மூன்று வரி. இப்படியொரு விடையைத் தான் வாசித்து நாளாயிற்று என்றும், முதலில் திருத்தியவர் தாளில் தன் நோட்ஸைத் தேடியிருக்கிறாரே தவிர விடையை வாசிக்கவில்லை என்றும், அந்த நோட்ஸை அதிபர் ஒருமுறை பார்ப்பது நல்லதென்றும். லண்டனுக்குப் பெயர்ப் பட்டியல் வியாழக்கிழமைத் தபாலில் போகவேண்டும். மார்க்கண்டுவின் பெயர் அதில் ஏறுவதும் ஏறாமல் விடுவதும் என் சட்டைப் பையில் இருந்தது.

புதன்கிழமை விடியக் கோப்பாய்க்குச் சைக்கிளில் போனேன். கடிதத்தைக் கொடுக்கத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

அருளம்பலம் காய்ச்சலோடு கொட்டிலில் போர்த்துக்கொண்டு கிடந்தார். தாய் சின்னாச்சி தோட்டத்தின் மறுகோடியில் வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி விட்டுக்கொண்டிருந்தா. ஆளுயரப் புகையிலை; அவவின் தலைகூடத் தெரியவில்லை. தகப்பனுக்குப் பதிலாகப் பட்டை பிடிக்க வருகிறேன் என்ற பக்கத்துத் தோட்டக்காரரைக் காணோம். மார்க்கண்டு துலாவடியில் காத்துக்கொண்டு நின்றான்.

"நான் பிடிக்கிறன். ஏறு" என்றேன்.

"மாஸ்டரோ? வேட்டி நனைஞ்சு போகும்."

"நானும் தோட்டக்காரன்ரை பிள்ளைதான். ஏறு."

ஏறினான். வெகு அழகாக மிதிப்பான். மரம் அதிராது. நான் பட்டையைக் கவிழ்த்து எண்ணைச் சொல்ல, அவன் திரும்பி வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. சின்ன வயதில் நான் செய்த வேலை கைக்கு மறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

இருபதாவது பட்டையில் கேட்டான். "கொழும்பாலை ஏதும் வந்துதோ மாஸ்டர்?"

"இன்னும் இல்லை."

சட்டைப் பைக்குள் கடிதம் நனைந்துகொண்டிருந்தது.

முப்பது தாண்டியதும் தன்பாட்டில் சிரித்தான். "உங்கடை நோட்ஸை நான் வீட்டிலை சத்தமாப் படிச்சுப் படிச்சு, தங்கச்சி குணலட்சுமியும் பாடமாக்கிப் போட்டாள். அவளையும் லண்டன் சோதினைக்கு அனுப்பலாம் மாஸ்டர். ஆனால் என்னெண்டு கேட்டால் ஒண்டும் தெரியாது."

நானும் சிரித்தேன்.

முப்பத்தெட்டில் கொஞ்சம் தயங்கி, மேலேயிருந்தபடியே சொன்னான்.

"ஒண்டு சொன்னால் கோவியாதேங்கோ. ஆனியிலை லண்டன் சோதினையை நீங்களும் என்னோடை சேர்ந்து எழுதுங்கோவன். நான் கூட இருந்து சொல்லித்தாறன். இந்தமுறை கட்டாயம் பாஸ் பண்ணுவியள்."

அன்பாகத்தான் சொன்னான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். அவன் என்னை அவமதித்தான் என்று நாளைக்குக் கோட்டில் என் பக்கத்தில் யாராவது வாதாடினால் அது பொய்.

முப்பத்தொன்பது. நாற்பது.

அப்போது அந்தக் கடைசி வாக்கியம் ஞாபகம் வந்தது. தண்ணீர் விழாமல் எண்ணைச் சொன்னால் மிதிப்பவன் திரும்பமாட்டான். அது ஒரு கூற்று. எங்கள் பாடத்துக்கு விஞ்ஞானம் என்று பெயர். விஞ்ஞானத்தில் கூற்றைச் சோதித்துப் பார்க்கவேண்டும். கொழும்புக்காரர் சோதிக்காமலே எழுபத்தொன்று போட்டிருந்தார்.

நிறைந்த பட்டை கிணற்று வாய்க்கு வந்தது. நான் அதைக் கவிழ்க்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, "நாற்பத்தொண்டு" என்றேன்.

அவன் திரும்பி நடந்தான். நான் பட்டையை விட்டேன். ஒரு பக்கத்தில் நிறைந்த பட்டையின் பாரமும் அவன் பாரமும் சேர்ந்தால் துலா என்ன செய்யுமென்று இங்கே குழந்தைக்கும் தெரியும். மரம் ஒரே பாய்ச்சலாகக் கிணற்றுக்குள் தலையைக் கொடுத்தது. பிடிக்க ஒன்றுமில்லை. கோப்பாய்க் கிணறுகள் வெள்ளைக் கல்லில் வெட்டியவை. பிறகு சத்தமில்லை.

நான் கூப்பிட்டு ஆட்கள் வந்தார்கள். தூக்கவும் உதவி செய்தேன்.

மரண விசாரணையில், நான் எண்ணைச் சொல்லுமுன்னே அவன் ஏதோ யோசனையில் திரும்பிவிட்டான் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். படிக்கிற பெடியன், புத்தகத்தைப் பற்றி யோசித்திருப்பான் என்றார்கள். அருளம்பலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு போனான், அது போதும் மாஸ்டர்" என்றார்.

சின்னாச்சி மாத்திரம் எழும்பி நின்று வேறொன்று சொன்னா.

"என்ரை பிள்ளை தண்ணி விழாமல் திரும்பான் ஐயா. நான் வாய்க்காலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நாற்பத்தொண்டு எண்டு சத்தம் கேட்டுது. தண்ணி வரேல்லை. பிறகு இன்னொருக்காலும் நாற்பத்தொண்டு எண்டு கேட்டுது. அப்பவும் தண்ணி வரேல்லை."

"பெத்த மனம், பாவம்" என்றார் விசாரணை அதிகாரி. எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் பேனையை வைத்துவிட்டார். ஒரே எண் இரண்டு தரம் கேட்டதாம். ஆளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று வெளியே கதைத்தார்கள். இப்போது அவ காலையில் கிணற்றடிக்குப் போய் நின்று நாற்பத்தொன்று வரை எண்ணுகிறாவாம். பிறகு திரும்பவும் ஒன்றிலிருந்து.

ஒன்பது நாளாக எனக்குத் தோசை இறங்கவில்லை. அந்த விசாரணையில் சரியான விடை சொன்னது அவ ஒருத்திதான். அதற்கு ஒருவரும் புள்ளி போடவில்லை.

ஆகையால் மேலே நான் எழுதியதில் ஓர் இடத்தைத் திருத்துகிறேன். நாற்பத்தொன்று என்று நான் முதல் தரம் சொன்னபோது மார்க்கண்டு திரும்பவில்லை. பின்நுனியில் அப்படியே நின்றான். தலையைக் கொஞ்சம் சரித்துக் காதைக் கொடுத்தான்.

"மாஸ்டர், தண்ணி விழேல்லைப்போலை" என்றான்.

பரீட்சை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அவன் எழுதியது சரி. பட்டையைக் கவிழ்த்துவிட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதற்கு வேண்டிய நேரம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டையிலிருந்து கிணற்றுக்குள் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"விழுந்திட்டுது. நான் சொல்லுறன், வா. நாற்பத்தொண்டு" என்றேன்.

"ஓம் மாஸ்டர்" என்று திரும்பினான்.

ஆகவே அவன் கவனக்குறைவால் சாகவில்லை. நான்தான் கொன்றேன். தீர்ப்பைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். சின்னாச்சிக்கு, அவ கேட்டது சரியென்று யாராவது நேரில் போய்ச் சொல்லவேண்டும்.

கொழும்புக் கடிதத்தையும் மார்க்கண்டுவின் விடைத்தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இருபத்தெட்டை வெட்டி, அறுபத்தாறு என்று சிவப்பு மையில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். எழுபத்தொன்றுக்கு என்னால் உடன்பட முடியவில்லை. சொந்த உதாரணத்துக்கு ஐந்து குறைப்பது எல்லாருக்கும் பொதுவான விதி. அவனுக்கு மாத்திரம் நான் பாரபட்சம் காட்டினேன் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக்கூடாது.