நல்லரத்தினத்தின் நடுக்கம்

எனக்குக் கஞ்சி காய்ச்ச நன்றாக வரும், விதானையார் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மன் கோவில் சடங்கில் பறை முழங்க, தெய்வம் ஏறி ஆடுவது என் குடும்பத்து உரிமை. கதிர்காமத்தம்பி என்ற நான் இருபத்திரண்டு வருடம் ஆடினேன். இலேசான வேலையல்ல. விரதம், அதன் பிறகு ஒரு மாதம் இடுப்புப் பிடிப்பு.

நல்லரத்தினம் வாவியில் வலை வீசுகிறவன், என் சிநேகிதன். நாற்பது வயதில் அவனுக்கு நடுக்குவாதம் வந்தது. மாறாத வருத்தம் என்று டொக்டர் கைவிரித்தார். அவன் அசரவில்லை. வலையின் ஈயக் குண்டுகளை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தான். பெண்சாதி அன்னப்பூரணியிடம் அரிதட்டை வாங்கி, "இந்தக் கைக்கு இதுதான்கா உத்தியோகம்" என்று ஊருக்கே மா அரித்துக் கொடுத்தான்.

போன வருடச் சடங்கைப் பார்க்க வந்து சனத்துக்குள் நின்றான். பறை முழங்கியதும் கை படபடத்தது. எருமையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த ஆச்சிப்பிள்ளை ஓடிப்போய் அவன் காலில் விழுந்தாள்.

"தாயே, என்ட எருமை எங்க?"

"எனக்கென்னகா தெரியும்? இது தெய்வமில்ல, வருத்தம்."

"தெய்வம் தன்னத் தெய்வமெண்டு சொல்லுமா?"

வேப்பிலையை அவன் கையில் திணித்தார்கள். நான் அப்போதுதான் தோளைக் குலுக்கத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் எருமை தானாக வீடு வந்தது. அதோடு என்னைத் தேடுவாரில்லை.

"மச்சான், இதை நீதான் நிப்பாட்டணும். சிரிச்சுச் சிரிச்சு வாய் நோகுது" என்றான் நல்லரத்தினம். கேட்டது அவன். அந்த இடத்தில் கோடு போடுங்கள்.

நடுக்கத்துக்குக் கைமருந்தாக, தினமும் அவனுக்குக் காய்ச்சிய கஞ்சியில் ஊமத்தை விதை கொஞ்சம் அரைத்துக் கலந்தேன். நாலாம் நாள் நடுக்கம் நின்றது. ஈயக் குண்டில்லாமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். எனக்கும் சந்தோஷம்தான். வெள்ளிக்கிழமை ஊர் திரண்டு வந்தது. அம்மன் ஆடி முடித்து அவனுக்குள் அமர்ந்துவிட்டாளாம். "நான் சும்மா இருக்கிறன்" என்று அவன் சொன்னதற்கும் கும்பிட்டார்கள். கற்பூரத் தட்டைப் பிடிக்க என்னை அழைத்தார்கள். பிடித்தேன்.

அடுத்த நாள் விதையைக் கணக்கில்லாமல் போட்டேன்.

"இண்டைக்கிக் கொஞ்சம் கசக்கு மச்சான்" என்று சிரித்துக்கொண்டே குடித்தான். கோப்பையைத் திருப்பித் தந்தபோது அவன் கை துளியும் ஆடவில்லை. பின்னேரம் செத்துப்போனான்.

இந்த வருடம் பறை முழங்கியும் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் நேற்று நீங்கள் என் வளவுக்குள் காலெடுத்து வைத்தது முதல் இந்தக் கை ஓயாமல் ஆடுகிறது. வாக்குமூலத்தில் என் கையெழுத்து கோணினால் பயமென்று எண்ணவேண்டாம், ஐயா. அம்மன் திரும்பி வந்துவிட்டாள்.