ஏழாவது கேள்விக்கு ஆமான்னு எழுதுங்க

இல்ல தம்பி, கையெழுத்தெல்லாம் அப்புறம். மொதல்ல உக்காருங்க. இன்னைக்கு பேஷண்ட் யாரும் இல்ல, டோக்கன் குடுக்குற பொண்ணையும் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிட்டேன். அந்தக் கதவை மட்டும் சாத்திடுங்க.

ஆமா, வருஷா வருஷம் மூணு நிமிஷத்துல முடியற வேலைதான். இந்த வருஷம் கொஞ்சம் நேரமாகும். அதுக்கு நீங்கதான் காரணம், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலில உக்காந்துதானே இந்த பாலிசிய என் தலைல கட்டுனீங்க? டாக்டரம்மா, காலைல பெரிய ஆஸ்பத்திரில வேலை பாக்குறீங்க, அங்க ஏதாவது ஆச்சுன்னா அவங்க பாத்துப்பாங்க. சாயங்காலம் வாரத்துக்கு மூணு நாள் இந்த மருந்துக்கடை மாடில தனியாப் பாக்குறீங்களே, இங்க சிகிச்சைல தப்புன்னு ஒருத்தர் கேஸ் போட்டா யார் பாத்துப்பாங்கன்னு கேட்டீங்க. உடனே பையிலேர்ந்து எடுத்தீங்க, பார்ட் டைம் டாக்டருக்குன்னே ஒரு பாலிசி. நான்கூட கேட்டேன், தப்பும் பார்ட் டைமாத்தான் வருமான்னு. சிரிச்சுக்கிட்டே பேனாவை நீட்டுனீங்க.

சரி, ஃபாரத்துக்கு வருவோம். பேரு, படிப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் நீங்களே நிரப்பிட்டீங்க. ஆபரேஷன் செய்றதுண்டா, இல்ல. மயக்க மருந்து, இல்ல. வேகத்துல ஏழாவதுக்கும் இல்லன்னு டிக் அடிச்சிருக்கீங்க பாருங்க. அதை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா? பிற்காலத்தில் வழக்காகக்கூடிய தவறு ஏதேனும் தங்கள் கவனத்துக்கு வந்துள்ளதா. எல்லாரும் இல்லன்னுதான் போடுவாங்கன்னு சொல்லப் போறீங்க. தெரியுமே. நானும் இத்தனை வருஷமா அப்படித்தான் போட்டேன்.

ஃபாரத்தை நீங்க போன வாரமே அனுப்பிட்டீங்க இல்ல, ஞாயித்துக்கிழமை மொத தடவையா அதை முழுசாப் படிச்சேன். படிச்சப்புறம் மனசு கேக்கல. இங்க வந்து இந்த அலமாரியைத் திறந்து, பழைய ஃபைல், எக்ஸ்ரே, எல்லாத்தையும் கீழ பரப்பிட்டேன். வீட்டுக்காரர் சாப்பிட வான்னு போன் பண்ணிப் பண்ணி ஓஞ்சு போயிட்டார். இன்ஷூரன்ஸ் ஃபாரத்துக்கு நெஜமாவே பதில் தேடுற ஒரே ஆள் நீதாண்டின்னு திட்டு வேற.

கெடைச்சுது தம்பி. ஒண்ணு.

பதறாதீங்க, தண்ணி குடிங்க. நெஞ்சு எக்ஸ்ரே, போன வருஷத்தோடது. காட்ட வந்த பேஷண்ட் எடுத்துட்டுப் போக மறந்து இங்கயே விட்டுட்டுப் போயிருக்கார். வலது பக்கம், கழுத்துக்குக் கீழ, காறை எலும்புக்குப் பின்னாடி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நிழல். எலும்பு மறைக்கிற எடம்தான், தவற விடுறவங்க உண்டு. ஆனா இதைத் தவற விட்டது நான். இருமல்னு வந்தவரோட படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரா அரை நிமிஷம் தூக்கிப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு சிரப் எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரில எக்ஸ்ரே பாக்குற டாக்டர்கிட்ட எதுவும் சொல்லாம நீட்டினேன். மனுஷன் உக்காரக்கூட இல்ல, விரலை நேரா அங்கதான் வச்சார்.

என்னவா? பழைய தழும்பாவும் இருக்கலாம், கெட்ட கட்டியாவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். கெட்டதா இருந்தாலும் சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டாப் பொழைச்சுக்கலாம். ஒரு வருஷம் வீணாப் போச்சு, என்னால.

ம், நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியும். பேஷண்ட்கிட்ட மூச்சு விடக்கூடாது. பாலிசியோட பதினோராம் பக்கம், மஞ்சக் கோடு போட்டுக் குடுத்ததே நீங்கதானே. கம்பெனியக் கேக்காம தப்ப ஒத்துக்கிட்டா அவங்க கைய விரிச்சிருவாங்க. மன்னிப்பு கேக்குறதுக்கும் பர்மிஷன் வாங்கணும்னு டாக்டர் படிப்புல எனக்கு ஒருத்தரும் சொல்லல, நீங்க வந்துதான் சொல்லிக் குடுத்தீங்க.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் கம்பெனிக்கு எழுதிப் போட்டு, அவங்க வக்கீலைக் கேட்டு, வக்கீல் சாவகாசமாப் பதில் எழுதி, அதுவரைக்கும் அந்த மனுஷன் ஒண்ணும் தெரியாம பைக்ல சுத்திக்கிட்டு இருக்கணுமா? வீட்ல சின்னப் புள்ளைங்க வேற.

பயமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நாலு நாளா சோறு எறங்கல. கேஸ் போட்டாருன்னா வாசல்ல இருக்குற போர்டும் போகும், குடியிருக்குற வீடும் போகும். அதுக்குத்தான பாலிசின்னு கேப்பீங்க. அந்த பாலிசிக்குத்தான் இப்ப வேட்டு வைக்கப் போறேன். உங்க ஒன்பது வருஷ உழைப்பு, கோவிச்சுக்காதீங்க.

ஏன் அரை நிமிஷம்தான் பாத்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே. இன்னொரு கைல பேனா இருந்துச்சு. முன்னாடி உக்காந்திருந்தவரு இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணுன்னு காகிதத்தைப் புரட்டிக் காட்டிக்கிட்டே இருந்தார். நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டே படத்தைப் பாத்தேன்.

எழுதுங்க. ஏழாவது கேள்விக்கு ஆமான்னு மாத்துங்க. கீழ விவரம்னு எடம் விட்டிருக்காங்க பாருங்க, அதுல தேதி போடுங்க, போன வருஷம் பாலிசி புதுப்பிச்ச அன்னைக்கு. பேஷண்ட் ஆண், வயசு நாப்பத்திரண்டு. தொழில், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்.

பேரை நீங்களே போட்டுக்கோங்க தம்பி. தப்பு என்னோடது, என்னை மன்னிச்சிருங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஸ்கேனுக்குச் சொல்லி வச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க, நான் வாசல்லயே நிப்பேன்.