யானைக்காது வளைவை ஆற்றிடமே விட்டுவைத்த எல்லையம்மாள் அவர்களுக்கு

கோலும் கோடும் கொண்டு கோணையாற்றைத் தாளில் ஓடவிட்ட கோமகளே! மையும் மனச்சான்றும் முப்பத்து நான்கு ஆண்டுகள் வற்றாத மாண்பினரே! மதகும் மடையும் மறந்தும் இடம் மாறாமல் வரைந்த வரைதொழில் அலுவலரே! ஒரே ஒரு முறை மட்டும் மாற்றி வரைந்தவரே! நீடாமங்கலம் பக்கத்துக் கோணையாற்றுப் பிரிவு அலுவலகத்தின் நெஞ்சம் நிறைந்த பணி ஓய்வு நாள் வணக்கம்!

நேருக்கு நேர் புகழத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கிவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே யாரோ எல்லையம்மாள் என்று ஒருவர் இருந்தார் என்பது போலச் சொல்கிறோம். உட்கார்ந்து கேளுங்கள்; காபி வந்துகொண்டிருக்கிறது.

அந்த எல்லையம்மாள், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆறு எங்கே கரையை அரித்தது, எங்கே மணலைத் தள்ளியது, யார் மண் அள்ளிய பள்ளத்தில் போய்ச் சுழித்தது என்று நடந்தே பார்த்து வந்து வரைந்தவர். பொறியாளர்கள் பதினொரு பேர் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவர் மட்டும் இருந்தார். அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அதை அப்படியே பளிச்சென்று வைத்து ஓய்வுபெற வேண்டும் என்பதுதான் அவர் ஆசைப்பட்ட ஒரே விருது.

போன ஆண்டு ஜூன் பன்னிரண்டு. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் பரபரப்பு. கரைச்சுவர் கட்டும் திட்டத்துக்கு மாலைக்குள் வரைபடம் வேண்டும் என்று மேலிடம் நெருக்கியது. எல்லையம்மாள் துணி ஒட்டிய பழைய படத்தை விரித்தார். ஊர்க்காரர்கள் யானைக்காது என்று சொல்லும் பெரிய வளைவு சரியாகப் படத்தின் மடிப்பில் இருந்தது. எழுபது ஆண்டுகள் மடித்து மடித்து அந்த இடமே நைந்து போயிருந்தது. மடிப்புக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, நடுவில் ஓட்டை. நாளைக்குப் போய் அளந்து வந்து திருத்திக்கொள்ளலாம் என்று ஸ்கேலை வைத்து நேர்கோடு இழுத்துவிட்டார். நாளைக்கு வேறு வேலை வந்தது.

அந்தக் கோட்டின் கீழ் நால்வர் கையெழுத்திட்டார்கள். பொறியாளர் தமிழ்மாறன் செல்பேசியில் பேசிக்கொண்டே போட்டார். பணி ஆய்வாளர் மணிவண்ணன், பொறியாளரே போட்டுவிட்டார் என்று போட்டார். உதவியாளர் கலைமகள் தபால் நேரம் முடிகிறதே என்று போட்டார். தினமும் அதே வளைவில் சைக்கிளைத் திருப்பி, மதகைத் திறந்து மூடப் போகும் லஸ்கர் சேரன், ‘களத்தில் சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் போட்டார்.

ஆவணியில், அந்த நேர்கோடு விழுந்த இடத்தில் கதிர் வாங்கி நின்ற ஒரு குறுவை வயலின் வரப்பில் பொக்லைன் வந்து நின்றது. வயல்காரர் தர்மாம்பாளுக்கு ஒரு நோட்டீசும் வந்தது: ஆற்றுப் படுகையை ஆக்கிரமித்து நெல் சாகுபடி செய்துள்ளீர்கள், உடனே காலி செய்யவும். அவர் அதோடு நேரே எல்லையம்மாள் மேசைக்கு வந்தார்.

“ஏங்க, என் வயல்ல ஆறு ஓடுதுன்னா நான் எதுக்குங்க போர் போட்டு மோட்டார் ஓட்டுறேன்?”

எல்லையம்மாள் படத்தை விரித்துத் தன் நேர்கோட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தால் பதிவேடு போச்சு, திறக்காவிட்டால் வயல் போச்சு. ஓய்வுக்கு இன்னும் ஒன்பதே மாதம். கலைமகள் காதோடு காதாகச் சொன்னார்: “பேசாம இருங்க மேடம். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுதே கலை” என்று எழுந்து பொறியாளர் அறைக்குப் போனார்.

தமிழ்மாறன் தலையில் கைவைத்தார். “மேடம், படம் சென்னை வரைக்கும் போயாச்சு. அதுல நாலு கையெழுத்து இருக்கு. ஆத்துல யாரு கையெழுத்து இருக்கு, சொல்லுங்க? பேசாம ஆத்தையே நேராக்கிடுவோம்.”

“ஆறு கேக்காது சார். வெளிக்கரையில வேகமா ஓடி அரிக்கும், உள்கரையில மெதுவா ஓடி மண்ணைப் போடும். அப்படி அரிச்சு அரிச்சு, போட்டுப் போட்டுத்தான் யானைக்காது வந்துது. அந்தம்மா வயலே ஆறு போட்ட மண்ணுதான். நேராக்கினா தூரம் குறையும், வேகம் கூடும். கூடின வேகம் கீழ எங்கயாவது கரையைக் கடிக்கும்.”

“எங்க கடிக்கும்?”

“நம்ம ஆபீஸ் பின்சுவத்துல சார்.”

தமிழ்மாறன் ஜன்னல் வழியாகப் பின்சுவரைப் பார்த்தார். அதையொட்டி நின்ற தன் புதுக் காரையும் பார்த்தார். கல்லூரியில் படித்ததெல்லாம் கடகடவென்று நினைவுக்கு வந்தது. பொக்லைன் அன்று மாலையே திரும்பிப் போனது; தர்மாம்பாள் நிம்மதியாகக் குறுவை அறுத்தார்.

படத்தைத் திருத்தி அனுப்பியதும், தவறு யாருடையது என்று மேலிடம் கேட்டது. எல்லையம்மாள் ஒரே வரியில் பதில் எழுதினார்: ‘என் கவனக்குறைவு.’ தையில் அவருடைய பதிவேட்டில் ‘கண்டனம்’ என்று ஏறியது. அதைப் பார்த்துவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு, தாளடிப் பயிருக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் படத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தார். நாங்கள் நால்வரும் அன்று தலையைக் குனிந்துகொண்டு கோப்பு பார்த்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அம்மையீர்! இனி நேராகவே பேசுகிறோம். அந்தக் கண்டனம் ஐவருக்கு உரியது. அதை மொத்தமாக நீங்கள் ஒருவரே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது எந்த விதியிலும் இல்லை. எங்கள் பங்கை எங்களுக்குத் தரும்படி மேலிடத்துக்கு எழுதி, இந்த மடலையும் அதோடு இணைத்து, இன்று காலையே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டோம். இப்போது கண்ணாடிச் சட்டமிட்டு உங்கள் கையில் தருவது அதன் நகல்தான்.

காவிரி கடைமடை சேரும் காலமெல்லாம் கண்ணும் கையும் காலும் நலமாக, குடும்பமும் சுற்றமும் சூழக் குறைவின்றி வாழ்க! வாழ்க!

இம்முறை முழுதும் படித்துப் பார்த்துவிட்டே கையொப்பமிடும்,
தமிழ்மாறன், பொறியாளர்
மணிவண்ணன், பணி ஆய்வாளர்
கலைமகள், உதவியாளர்
சேரன், லஸ்கர் (யானைக்காது வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வளைவு அங்கேதான் இருக்கிறது)