காலர் வெட்டிய கோட்டு

என் பெயர் பவுலின். வயது நாற்பத்தொன்று. கணவர் ஆல்பர்ட், ஆட்டோ ஓட்டுகிறார். விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கன்னடம் பேசுவேன், எழுத்து தெரியாது. ஆகவே மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில் சத்தியம் செய்து தமிழில் சொல்கிறேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பத்ரிநாத் அதைக் கன்னடத்தில் எழுதிக்கொள்கிறார்.

நான் ரெமிஜியஸ் என்பவரின் கல்யாண உடுப்புக் கடையில் பல வருடங்களாக வேலை செய்துவந்தேன். அவருடைய தகப்பனார் காலத்துக் கடை. மணப்பெண் கவுனும் மாப்பிள்ளைக் கோட்டும் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கும். இறந்தவர்களுக்குப் போடும் கோட்டையும் எங்கள் ஜனங்கள் அங்கேதான் வாங்குவார்கள். விறைத்த உடம்பில் கை நுழையாது என்பதால், அந்தக் கோட்டை முதுகின் நடுவில் காலரோடு சேர்த்து மேலிருந்து கீழ்வரை வெட்டிக் கொடுப்போம்.

இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள தினேஷ் எங்கள் கடையில் இஸ்திரி போடுபவர். நீலசந்திராவில் இருக்கிறார், இந்து. வெள்ளைக் கவுன்களை அவர் தொடக்கூடாது என்பது முதலாளி வைத்த சட்டம். துணி அழுக்காகிவிடும் என்பார். தினேஷும் நானும் ஒரே குழாயில்தான் கை கழுவுவோம்.

கடந்த தவக்காலத்தில் ஒரு பெரியவர் இறந்து, அவருக்காக ஒரு கறுநீலக் கோட்டை முதலாளி வெட்டிக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் புது சூட்டே கொண்டுவந்துவிட்டதால், எங்கள் கோட்டைப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பின்னர் ஈஸ்டர் முடிந்தது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் நடக்காது என்பதால், தள்ளிவைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. டேரில் என்ற மாப்பிள்ளையின் அளவுக்கு வாடகைக் கோட்டு மிச்சமில்லை. அப்போது முதலாளி அந்தக் கறுநீலக் கோட்டை எடுத்துத் தன் கையாலேயே தைத்து, காலரின் உள்பக்கம் பசைத்துணி வைத்து ஒட்டினார். நான் அதே மேசையில் ஒரு கவுனுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பின்னர் இஸ்திரி போடச் சொல்லி தினேஷிடம் கொடுத்தார். தினேஷ் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது வேணாண்ணே. கல்யாணம் பண்ற ஆளு போடறது" என்றார்.

"பொணத்து மேல படவே இல்லையேடா. துணி என்னா பாவம் பண்ணுச்சு?"

"அவங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுங்க."

"நீ என்ன, பங்குச் சாமியாரா? பெட்டியப் புடிச்சுத் தேய்."

தினேஷ் தேய்த்தார். மறுநாள் டேரில் வந்தபோது முதலாளிதான் கோட்டைக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தார். தினேஷ் அப்போது கடையின் பின்பக்கம் இருந்தார்.

மணப்பெண்ணுக்கு முக்காடு குத்திவிட எங்கள் கடையிலிருந்து ஒரு ஆள் கோயிலுக்குப் போவது வழக்கம். ஆஞ்சலா என்ற அந்த மணப்பெண்ணுக்கு நான் போனேன். மோதிரம் மாற்றிய பின் இருவரும் முழங்காலில் நின்றார்கள். டேரில் தலை குனிந்தபோது கோட்டின் முதுகு காலரிலிருந்து கீழே பிரிந்து உள்சட்டை தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டேரிலின் பெரியப்பா சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். அவர் எழுந்து வந்து காலரைத் தடவிப் பார்த்து, "டேய், இது பொட்டியில போடற கோட்டுடா" என்றார். ஆஞ்சலாவின் தாயார் மயங்கி விழுந்தார். நான் முக்காட்டிலிருந்து ஊசிகளை எடுத்து டேரிலின் முதுகில் பிரிந்த கோட்டைச் சேர்த்துக் குத்தினேன். பூசை முடிந்தது.

அதன் பின்னர் மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பத்துப் பேர் கடைக்கு வந்தார்கள். நானும் ஆட்டோவில் வந்து இறங்கினேன். முதலாளி அவர்களிடம், "அந்த நீலசந்திராக்காரன் மாத்திக் குடுத்துட்டான். நம்ம ஆளா இருந்தா இப்பிடிச் செய்வானா?" என்றார். அவர்கள் உள்ளே போய் தினேஷை அடித்தார்கள். அவருடைய வலது கையை மேசையில் வைத்து அழுத்திப் பிடித்து, சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தார்கள். வைத்தவரை என்னால் அடையாளம் காட்ட முடியும். அந்த நேரத்தில் முதலாளி வாசலில் நின்று, வெயில் படாமல் இருக்கக் கவுன்களுக்குத் திரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அதன் பின்னர் போலீசார் வந்தார்கள். வேண்டுமென்றே சாவுக் கோட்டைக் கொடுத்துக் கிறிஸ்தவக் கல்யாணத்தைக் கெடுத்ததாகத் தினேஷ் மேல் வழக்குப் போட்டார்கள். கையைச் சுட்டவர்கள் மேல் வழக்கு இல்லை.

அதன் பின்னர் முதலாளியின் மனைவி ஷோபா என் வீட்டுக்கு வந்தார். "பவுலின், நீ அன்னிக்கு மேசைகிட்ட இல்லன்னு மட்டும் சொல்லிடு. அவன் யாரு, நாம யாரு? உம் பொண்ணுக்குக் கோயில்ல புதுநன்மைப் பூசை வருது, கவுனு நான் தரேன்" என்றார். நான் காபி மட்டும் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் முதல் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். அதில், முதலாளி அந்தக் கோட்டைத் தவறுதலாகக் கொடுத்தார் என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. பத்ரிநாத், "பெரிய மனுசன்னு ஒரு மரியாதைக்குப் போட்டேம்மா" என்றார். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் இங்கே ஒன்றுமாகக் கையெழுத்துப் போடுகிறேன். இவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுத்தவை அல்ல.

(ஒப்பம்) பவுலின்